பழைய பிக்கப்பா, புது வண்டியா? கடலோரத்தில் முடிவைச் சொல்வது சேஸ்

ஒரு டீசல் பிக்கப்புக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது உரிமையாளரின் சட்டைப்பையில் இரண்டு சீட்டுகள் சேர்ந்துவிடும். ஒன்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தது: பிஸ்டன் ரிங், பேரிங், ஹெட் வேலை, பம்ப் வேலை, கிளட்ச் செட், பாடிக்கு அடித்தகடு. மற்றது ஷோரூமில் வாங்கி வந்தது: முன்பணம் இவ்வளவு, மாத டியூ இவ்வளவு. எந்தச் சீட்டைக் கிழித்துப் போடுவது என்ற குழப்பம் தமிழ்நாட்டில் லோடு வண்டி ஓடும் எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனால் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், கடலை ஒட்டி இருக்கும் பொம்மையார்பாளையம் மாதிரியான ஊரில் அந்தக் கணக்கில் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

பொம்மையார்பாளையத்தின் இருப்பிடமே விசித்திரமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள் புதுச்சேரி நகரம். வடக்கே சில நிமிட ஓட்டத்தில் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு. அவையும் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. நடுவில் இருக்கும் இந்த ஊர் தமிழ்நாடு. ஆகவே இங்குள்ள வண்டி அந்தச் சாலையில் எந்தப் பக்கம் கிளம்பினாலும் மாநில எல்லையைத் தாண்டித்தான் தீர வேண்டும். புதுச்சேரியில் டீசல் மீதான வரி குறைவு என்பதால் டேங்க் நிரப்புவது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால். மீன், ஐஸ், வலை, படகு இன்ஜின் என்று ஒரு பக்கம்; கட்டுமானச் சாமான், விடுதிகளுக்குப் போகும் காய்கறி, தண்ணீர் கேன் என்று இன்னொரு பக்கம். மரக்காணம் உப்பளத்து மூட்டை, கடலோரச் சவுக்கு, திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை, கோடையில் தர்பூசணி என்று பருவத்துக்குப் பருவம் லோடு மாறும். குறுகிய தூரம், நிறைய நிறுத்தம், அடிக்கடி ஓவர்லோடு. ஒரு டீசல் வண்டியை முதுமைக்குத் தள்ள இதைவிட வேகமான வழி அதிகம் இல்லை.

இந்த வேலையைச் செய்யும் வண்டிகள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் இறக்கிய ஏஸ், 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜினும் 16 குதிரைத்திறனும் கொண்டு, சுமார் இரண்டேகால் லட்ச ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. மூன்று சக்கர வண்டிக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. 'குட்டி யானை' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டு, பிறகு அந்த அளவில் வந்த எல்லா வண்டிக்கும் பொதுப் பெயராயிற்று. 2011-இல் அசோக் லேலண்ட், நிசான் கூட்டில் தோஸ்த் வந்தது. ஓசூரில் தயாராகி, ஒன்றேகால் டன் ஏற்றக்கூடிய மூன்று சிலிண்டர் காமன்ரெயில் வண்டி. இவற்றுக்கு மேல் தட்டில் மகிந்திரா பொலேரோ பிக்கப்: நான்கு சிலிண்டர், 2,523 சி.சி., ஏணி வடிவச் சேஸ். டாடா 207 இன்னும் சில ஊர்களில் தென்படும். ஸ்பேர் கிடைக்கும்வரை அது ஓடும்.

உப்பு செய்யும் வேலை

பழைய வண்டியை மதிப்பிடும்போது எல்லோரும் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களில் அது சரி. கடலோரத்தில் முதலில் செய்ய வேண்டியது வண்டிக்கு அடியில் படுப்பது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு அந்த வேலையைப் பலமடங்கு வேகமாக்குகிறது. ஈரத்தில் கரைந்து மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் இரும்பு வேகமாகக் கரைகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் இரவில் சேஸின் மேல் மெல்லிய ஈரப்படலம் உட்கார்ந்திருக்கும். புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களின் இறுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, வடபுறக் கரையோர ஊர்களில் கடல் உள்ளே வந்துவிட்டது. பொம்மையார்பாளையமும் அதில் ஒன்று. அலை வீட்டை நெருங்கி வந்திருக்கும் ஊரில், வாசலில் நிற்கும் வண்டியையும் அது நெருங்கியிருக்கிறது.

இதோடு மீன் லோடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐஸ் உருகி, உப்பும் மீன் எண்ணெயும் கலந்த தண்ணீர் பாடியின் இணைப்புகள் வழியாகக் கசிந்து, பாடியின் குறுக்குச் சட்டங்கள் சேஸின் மேல் உட்காரும் இடத்தில் தேங்குகிறது. அங்கே வைத்திருக்கும் மரக்கட்டையோ ரப்பரோ அந்த ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் பெயிண்ட் பளபளக்கும். பாடியைத் தூக்கினால் சேஸின் மேல் விளிம்பு பொரிந்து அடுக்கடுக்காக உரியும். துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதால், ரிவெட் அடித்துச் சேர்த்த இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விரித்துவிடுகிறது.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். அரைக் கிலோ சுத்தியல் போதும். பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட், கேபினுக்குப் பின்னால் உள்ள மவுண்டிங், டீசல் டேங்கைக் கட்டும் பட்டி, குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், இந்த இடங்களில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். உள்ளே தின்ற இரும்பு 'டொக்' என்று மந்தமாகச் சொல்லும், சுத்தியல் பட்ட இடத்தில் பெயிண்ட் தட்டாகப் பெயரும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்தினால் உள்ளே இறங்கும் இடமும் உண்டு. சேஸ் நெடுக ஓடும் பிரேக் பைப்பையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துரு தின்ற பைப் சாதாரண ஓட்டத்தில் தாங்கும். அவசரத்துக்கு முழுக்கால் வைத்து மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

மேலோட்டத் துருவை நிறுத்தலாம். மணல் வீச்சில் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த பிரைமரும் எபாக்சி பெயிண்டும் அடித்து, மூடிய குழிகளுக்குள் மெழுகு ஸ்பிரே செலுத்தினால் சில வருடங்கள் நீடிக்கும். குறுக்குச் சட்டம் ஒன்று போயிருந்தால் மாற்றலாம். நீளச் சட்டங்களில், அதுவும் பட்டை பிராக்கெட்டை ஒட்டி, தகடு மெலிந்திருந்தால் கதை வேறு. அங்கே தகடு வைத்து வெல்டிங் அடிப்பது எங்கும் நடப்பதுதான். ஆனால் வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறி, ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்திலேயே விரிசல் விடும். லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது அது திறக்கும்.

கழிவு ஆயிலை அடியில் அடித்துவிடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. தண்ணீரைத் தள்ளுகிறது என்பது உண்மை. புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுப்பதும் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குவதும் அதே அளவுக்கு உண்மை. துருவின் மேலேயே தார்ப் பூச்சு அடிப்பது இன்னும் கெடுதல், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். கரையோரத்துப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடங்களில், தினமும் வண்டி கழுவுவதே வண்டிக்கு எதிரான வேலையாகிவிடுகிறது. வாரம் ஒரு தடவையானாலும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுவதே மேல்.

இன்ஜின் கதை இவ்வளவு கடுமையானதல்ல

டீசல் இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்க முடியும். அதற்கென்றே லேத்தும் போரிங் கடையும் பம்ப் ஷாப்பும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. நோயைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், நாசில், டர்போ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால், தேய்ந்த சிலிண்டரின் காற்று அந்த வாய் வழியாகப் பொத்துக்கொண்டு வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு எத்தனை சுற்று செல்ஃப் அடிக்கிறது என்பது இவை எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி. வண்டி வாங்கப் போகிறவர் போன் பண்ணாமல் அதிகாலையில் போய் நிற்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பழைய இன்ஜின்களில் இரண்டு வகை இருக்கின்றன, செலவு இங்கேதான் பிரிகிறது. மெக்கானிக்கல் பம்ப் வைத்தவை ஒரு வகை. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும், மூத்த மெக்கானிக் வாயில் அது 'மைக்கோ பம்ப்'தான். அழுத்தம் சில நூறு பார் அளவில் இருக்கும். பிரித்து, தேய்ந்ததை மாற்றி, பெஞ்சில் வைத்துச் சரிசெய்து மாட்டிவிடலாம். காமன்ரெயில் வகை 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்த இன்ஜெக்டரின் உள் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் இன்ஜெக்டர் போகும், பழுது பார்க்க ஸ்கேனரும் வேண்டும். தோஸ்த் போன்ற வண்டியில் ஃபியூயல் ஃபில்டர் தண்ணீரை வடிக்கச் சோம்பல்படுகிறவர் பிறகு நான்கு மடங்கு கொடுக்கிறார்.

முழு இன்ஜினையே மாற்றலாம் என்று சென்னை புதுப்பேட்டைக்கு ஏறுகிறவர்களும் உண்டு. பழைய இன்ஜின், கியர்பாக்ஸ், ஹவுசிங் எல்லாம் கிடைக்கும் சந்தை அது. வாங்குவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பார்ப்பது நல்லது. சேஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் அதில் பதிந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜினை மாட்டிவிட்டால் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்சும் நிற்கும்.

மேம்படுத்துவதற்கும் எல்லை உண்டு. கூடுதல் பட்டை போட்டுச் சுமையை ஏற்றுவது ஊரறிந்த வழக்கம். பட்டை தாங்கும், ஆக்ஸிலும் ஹவுசிங்கும் பிரேக்கும் பழையவைதானே? ஏற்கெனவே மெலிந்த சேஸ் அந்தக் கூடுதல் பட்டையின் உதையை நேராக வாங்கிக்கொள்ளும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. டர்போ இல்லாத இன்ஜினில் டர்போ வைப்பதும் அப்படியே: வரும் சூட்டைப் பிஸ்டனும் ரேடியேட்டரும் தாங்க வேண்டும். டீசலைக் கழற்றிவிட்டு சி.என்.ஜி. என்பது சொல்ல எளிது. டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக்கே கிடையாது. அழுத்த விகிதத்தைக் குறைத்து, ஹெட்டைத் திருத்தி, தீப்பொறி அமைப்பு வைத்தால்தான் அது எரிவாயுவில் ஓடும். அது ஏறக்குறைய வேறு இன்ஜின் செய்வது மாதிரி. பவர் ஸ்டீயரிங், நல்ல சீட், கேபினுக்கு ஒலித்தடுப்பு, புது வயரிங் இவை தாராளமாகச் செய்யலாம். தினம் எட்டு மணி நேரம் உட்காருகிறவரின் முதுகுக்கு அது கடனில்லாத நன்மை.

புது வண்டியில் என்ன இருக்கிறது

2017 மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 மாசு விதியிலான வண்டி விற்கக் கூடாது என்றது. மீதமிருந்த இரண்டு நாளில் ஷோரூம்கள் தள்ளுபடியில் காலியான கதை பலருக்கும் நினைவிருக்கும். இன்று பத்து வயதைத் தொட்டு நிற்கும் பிக்கப்புகளில் கணிசமானவை அந்த வரிசை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6. அதே நாளிலிருந்து பங்க்குகளில் வரும் டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.-இலிருந்து 10 ஆகக் குறைந்தது. பழைய இன்ஜினும் அதில் ஓடும்.

புது டீசல் வண்டியின் புகைக்குழாய்க்குள் ஒரு சிறு தொழிற்சாலை இருக்கிறது. துகளைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப்., அதற்கு முன்னால் வினையூக்கி, சில வகைகளில் யூரியா கரைசல் டேங்க். பிடித்த கரியை டி.பி.எஃப். அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 550, 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக அரைமணி நேரம் ஓடினால் அது தானாக நடக்கும். பொம்மையார்பாளையத்திலிருந்து புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போய், நெரிசலில் ஊர்ந்து, இன்ஜினை அணைக்காமல் லோடு இறக்கித் திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டர்தான். தீர்வு எளிது: வாரத்தில் ஓரிரு தடவை திண்டிவனம் பக்கமோ மரக்காணம் பக்கமோ நிறுத்தாமல் ஒரு ஓட்டம். விற்கும்போது இதைச் சொல்கிறவர்கள் குறைவு. எல்லா ஓட்டமும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்றால் டீசலைவிடப் பெட்ரோல், சி.என்.ஜி. அல்லது 2022-இல் அறிமுகமான ஏஸ் இ.வி. வகை மின் வண்டிகளை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சின்ன லோடுக்கு டீசலே வேண்டும் என்பது பெரும்பாலும் பழக்கம்.

மற்றபடி புது வண்டியின் நன்மைகள் கண்கூடு. மைலேஜ் கூடுதல், சத்தம் குறைவு, வாரண்டி உண்டு. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. போதும், அதன் பிறகு வருடா வருடம். பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தையும் மத்திய அரசு பலமடங்கு ஏற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. உதிரிபாகங்களுக்கும் அதே 18 என்பதால் பழைய வண்டிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்ற செய்தியைக் காட்டி, இங்கேயும் வரப்போகிறது என்று அவசரப்படுத்தும் விற்பனைப் பேச்சு ஒன்று சுற்றுகிறது. அது தலைநகர் வட்டாரத்துக்கான பசுமைத் தீர்ப்பாய, உச்ச நீதிமன்ற உத்தரவுகள் சார்ந்த விஷயம். தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டித் தனியார் வண்டியை நிறுத்தும் விதி இல்லை. எஃப்.சி.யில் தேறும்வரை ஓட்டலாம்.

கணக்கு

எண்கள் இல்லாமல் இந்த விவாதம் முடியாது. கீழே உள்ளவை ஒரு மாதிரிக் கணக்கு; அவரவர் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

புது பிக்கப் ஆன்ரோடு 10 லட்சம், முன்பணம் 2 லட்சம், கடன் 8 லட்சம், குறையும் நிலுவைக்கு 10 சதவீத வட்டி, 48 மாதம். டியூ சுமார் 20,300 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 1.74 லட்சம். இனி டீசல். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டம், பழைய வண்டி லிட்டருக்கு 11, புதியது 14, விலை 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் 39 லிட்டர், அதாவது சுமார் 3,600 ரூபாய் மிச்சம். நான்கு வருடத்துக்கு 1.74 லட்சம். மைலேஜில் மிச்சம் பிடித்தது அப்படியே வட்டிக்குப் போய்விடுகிறது! மைலேஜுக்காகப் புது வண்டி என்ற வாதம் இந்த ஓட்டத்தில் நிற்காது. மாதம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் நிற்கும்.

முழுக் கணக்கையும் போடலாம். புது வண்டிக்கு முன்பணமும் டியூவும் சேர்ந்து 11.74 லட்சம். நான்கு வருடம் கழித்து 5.5 லட்சத்துக்கு விற்றால் நிகரச் செலவு 6.24. சர்வீஸுக்கு 1.2 லட்சம், சொந்தச் சேத இன்சூரன்ஸுக்குக் கூடுதலாக 80,000. மொத்தம் 8.24 லட்சம். பழைய வண்டிக்கு இப்போது செய்யும் முழு வேலைக்கு 2 லட்சம், பிறகு வருடம் 70,000 வீதம் 2.8 லட்சம், கூடுதல் டீசல் 1.74, இன்று 2 லட்சம் போகும் வண்டி அன்று 1 லட்சம் போவதால் இழப்பு 1 லட்சம். மொத்தம் 7.54 லட்சம். வித்தியாசம் 70,000 ரூபாய். 48 மாதத்தில் பங்கிட்டால் மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்குள். கிட்டத்தட்ட ஒரு நாள் ஓட்டத்தில் கையில் நிற்கும் காசு. பழைய வண்டி புதியதைவிட மாதத்துக்கு ஒரே ஒரு நாள் கூடுதலாக ஷெட்டில் நின்றால் அதன் லாபம் கரைந்துவிடும். இரண்டு நாள் நின்றால் நஷ்டம்.

அதோடு, அந்த 2 லட்ச வேலை நான்கு வருடம் உழைத்தால்தான் கணக்கு இப்படி வரும். இரண்டாம் வருடமே எஃப்.சி.யில் சேஸைப் பார்த்துத் திருப்பிவிட்டால், புது ரிங் போட்ட இன்ஜின் துருப்பிடித்த சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இரும்புக்கடையில் அதற்கும் எடைக்குத்தான் விலை. அதனால்தான் இன்ஜின் கொட்டேஷனை வாங்குவதற்கு முன் பாடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது. சேஸ் நான்கு வருடம் தாங்கும் என்றால் இன்ஜின் வேலை செய்யலாம். சந்தேகம் என்றால் இன்ஜினுக்கு ஒரு ரூபாயும் போடக் கூடாது.

டியூவுக்கு இன்னொரு முகம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீனுக்கு முன்பிருந்த அளவு வண்டி தேவைப்படாது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தாலும் இதே கதை. அந்த மாதங்களிலும் 20,300 ரூபாய் போயாக வேண்டும். தடைக்காலத்தில் தர்பூசணி லோடோ கட்டுமான லோடோ பிடிக்கும் தொடர்பு இருப்பவர் சமாளிப்பார். மீன் மட்டுமே நம்பி இருப்பவருக்கு இரண்டு டியூ தவறினால் வண்டி சீஸ் ஆகும் அபாயம். பழைய வண்டி அந்த இரண்டு மாதமும் டியூ கேட்காமல் வாசலில் நிற்கும். அந்த நாட்களைத்தான் சேஸ் வேலைக்கு ஒதுக்க வேண்டும்.

கடன் பேசும்போது வட்டி எந்த வகை என்று கேட்பது அவசியம். மேலே சொன்ன 10 சதவீதமே 'ஃப்ளாட்' வட்டி என்றால், நான்கு வருடத்துக்கு 3.2 லட்சம் வட்டி, டியூ 23,333. சொல்லும் சதவீதம் ஒன்றுதான், கொடுக்கும் பணம் ஏறக்குறைய இரட்டிப்பு. லோடு வண்டிக் கடனுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு இருக்கிறது: சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் தொடங்கியது, பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாக வளர்த்தது 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல் என்பது எங்கும் வழக்கம். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் வங்கி வழியாகவும் சரக்கு வண்டிக்குக் கடன் கேட்கலாம்.

சில செலவுகளில் பழையது, புதியது என்ற பேதமே இல்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனில் அமலான அட்டவணைப்படி, 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு வருடம் 16,049 ரூபாய், வரி தனி; வண்டியின் வயது அதில் வராது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பர்மிட் வேண்டாம். எல்லையைத் தினமும் தாண்டும் ஊருக்கு இது பெரிய வசதி. சற்றுப் பெரிய வண்டிக்கு மாறும் ஆசையில் அந்த எடையைத் தாண்டிவிட்டால் பர்மிட் செலவும் கூடவே வரும். 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது.

உள்நாட்டு வண்டி

பழையதைச் சரிசெய்வதற்கும் புதியது வாங்குவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு, பொம்மையார்பாளையம் மாதிரி ஊருக்கு அதுவே பெரும்பாலும் பொருந்தும்: நான்கைந்து வயதான பிக்கப். விலை சரிவின் செங்குத்தான பகுதி முதல் உரிமையாளரோடு போயிருக்கும், டியூ பாதியாகும். எங்கிருந்து வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். நாமக்கல், சேலம், ஈரோடு, தருமபுரி பக்கம் ஓடிய வண்டிக்கு வயதானாலும் சேஸ் காய்ந்து, பெயிண்ட் அப்படியே இருக்கும். இன்ஜின் நிறைய ஓடியிருக்கலாம்; இன்ஜினுக்கு வைத்தியம் இருக்கிறது. கடலூரிலோ மரக்காணத்திலோ குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, சேலத்தில் அதிகம் ஓடிய வண்டி கடலோர உரிமையாளருக்கு லாபம். நம்பர் பிளேட்டை மட்டும் நம்பக் கூடாது. சேலம் எண்ணோடு கடற்கரையில் வாழ்ந்த வண்டியும் இருக்கும். சுத்தியல் பொய் சொல்லாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தவிர்ப்பது அடுத்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்களில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். காமன்ரெயில் வண்டியில் கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டர் பின்களில் பச்சை படியும். பல மாதம் கழித்து நடுரோட்டில் காரணமில்லாமல் அணையும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் மண் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு காகிதம். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, அடமானம், நிலுவை அபராதம் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அது நீங்கிய பிறகே முழுப்பணம். டி.என். 16 திண்டிவனமானாலும் டி.என். 32 விழுப்புரமானாலும் மாநிலத்துக்குள் பெயர் மாற்றம் எளிது. புதுச்சேரிப் பதிவு வண்டி பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகுதான் மலிவா என்று தெரியும்.

பழைய வண்டியை விடும் விதம்

சேஸ் போன வண்டியை இன்னொரு ஏமாளிக்கு விற்பது அறமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. 2021-இல் வந்த ஸ்கிராப் கொள்கைப்படி, பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் புது வண்டியின் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. சரக்கு வண்டிக்கு வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. தயாரிப்பாளர்கள் 5 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்பது மத்திய அரசின் பரிந்துரை. பேரம் பேசும்போது இதை எடுத்து வைக்கலாம்.

ஓடும் நிலையில் உள்ள வண்டியை விற்றால் 29, 30 படிவங்களில் கையெழுத்தோடு நிறுத்தாமல் பெயர் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. வெறும் முத்திரைத்தாளில் எழுதி, சாவியைக் கொடுத்து அனுப்பிய வண்டி வேறு ஊரில் யார் மேலாவது மோதினால், நோட்டீஸ் பழைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் வரும்.